பந்தல்குடிக் கால்வாய்க்குக் கட்டிய துணி

2025 மே 31 அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தார். அவர் மக்களைப் பார்த்துக் கையசைத்துப் போகிற வழியில் பந்தல்குடிக் கால்வாய் குறுக்கிட்டது. கால்வாய் என்பது பெயருக்குத்தான். ஊர்க் கழிவைச் சுமந்துகொண்டு வைகைக்குப் போகும் சாக்கடை அது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? துணி கட்டி மறைத்தார்கள். படம் பரவியது, ஊர் சிரித்தது, பிறகு முதலமைச்சரே கால்வாயைப் போய்ப் பார்வையிட்டார்.

அடுத்த ஒன்றரை மாதத்தில் இன்னொரு செய்தி. ஒன்றிய அரசின் 2024-25 தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். உடனே எல்லாக் கட்சிக்கும் ரோஷம் வந்துவிட்டது. மீனாட்சி பட்டணத்துக்கு இப்படி ஒரு அவமானமா என்றார்கள்.

தோழர்களே, இந்த ஊர் எதற்கு அவமானப்படுகிறது, எதற்கு அவமானப்படுவதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 21 இரவு, பழங்காநத்தம் நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் வேலைக்கு வந்த மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் கிணற்றுக்குள் விஷவாயுவில் செத்தார்கள். ஒருவர் உள்ளே விழ, மற்ற இருவரும் காப்பாற்றப் போய் மாண்டார்கள். அன்று ஊர் வெட்கப்பட்டதா? நாலு நாள் செய்தி, கொஞ்சம் நிவாரணப் பேச்சு, அவ்வளவுதான். அதற்கு முன்பு 2015-லும் இதே மதுரையில் இருவர் செத்தார்கள். அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டுத் தெருவில் நின்ற திவ்யபாரதி அதன் தொடர்ச்சியாக எடுத்ததுதான் 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படம். படம் எடுத்தவர்மீது வழக்கு மேல் வழக்கு வந்தது. கிணறு அப்படியே இருந்தது.

அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடையில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கூடிவிட்டால் மூக்கே மரத்துப் போகும், நாற்றம் தெரியாது. "நாத்தம் இல்ல, எறங்கலாம்" என்று நினைக்கிற நொடியில்தான் ஆள் சாய்கிறார். ஒருவரோடு நிற்காமல் இரண்டு மூன்று பேராகச் சாவது இதனால்தான். இதற்குத் தீர்வு வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. நீர்மூழ்கி மோட்டாரை வழித்தண்டிலும் சங்கிலியிலும் பொருத்தினால் மேலே நின்றபடியே தூக்கிவிடலாம். பொறியியல் மாணவர்களுக்கு இது பாடப்புத்தகச் சமாச்சாரம். ஆள் இறங்கத் தேவையில்லாத கிணறு கட்டலாம். கட்டாததற்குக் காரணம், இறங்குவதற்கு மலிவாக ஆள் கிடைப்பது.

யார் அந்த ஆள்? நமஸ்தே திட்டத்துக்காக ஒன்றிய அரசு எடுத்த கணக்கில், 2024 வரை பதிவான சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு ஆறில் ஒன்று. குழிக்குள் மூன்றில் இரண்டுக்கு மேல். மதுரையில் அருந்ததியர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாருங்கள்; பாட்டி வாளி தூக்கியிருப்பார், அம்மா தெரு பெருக்குவார், மகன் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. வேலைக்கு மட்டும் 'தூய்மைப் பணி' என்று புதுப்பெயர்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. 2013 சட்டத்தை நிதானமாகப் படியுங்கள், ஓட்டை தெரியும். 'அபாயகரமான துப்புரவு' என்பதற்கு அது தரும் விளக்கப்படி, பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதுதான் குற்றம். கருவி தந்ததாக ஒரு ரசீது இருந்தால் இறக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் வாசித்துக்கொள்கிறார். விதிகள் 44 வகைக் கருவிகளைப் பட்டியலிடுகின்றன. கையுறை ஒரு ஜோடி கிடைத்தாலே நம் ஆட்களுக்கு அதிசயம். செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கவே கூடாது என்றது. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. விஷவாயு பட்டியல் பார்த்து வருவதில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். முல்லைப் பெரியாற்றிலிருந்து, லோயர் கேம்ப் வழியாக, மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கூடுதல் தண்ணீர் என்பது பெரிய திட்டம். வரவேற்போம். குடத்தோடு நிற்பது யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் இதன் மறுபக்கக் கணக்கை மேடையில் யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குப் போகும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவு. அப்படியானால் தினம் பத்துக் கோடி லிட்டர் கூடுதல் சாக்கடை. 2011-இல் 72 வார்டு 100 ஆனபோது சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குழாய் முதலில் வந்து சாக்கடை பின்னால் வரும் இடங்களில் செப்டிக் டேங்க் சீக்கிரம் நிறையும், அடைக்கும். சந்துக்குள் லாரி நுழையாது. அப்போது யாருக்குப் போன் போகும்? தண்ணீர்த் திட்டம் ஒரு கோப்பு, சாக்கடை இன்னொரு கோப்பு, தொழிலாளி எந்தக் கோப்பிலும் இல்லை. குடிநீர்த் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, அதன் கடைசிக் குழாயாக ஒரு மனிதனைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.

இது ஏழை நாடுகளுக்கெல்லாம் உள்ள பிரச்சினைதானே என்று சொல்பவர்கள் வருவார்கள். ஆம், ஆப்பிரிக்க நகரங்களிலும் உண்டு. தாரெஸ் சலாமில் கழிப்பறைக் குழியைக் கையால் அள்ளுகிறவர்களுக்குத் 'தவளைகள்' என்று பட்டப்பெயர். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்டம் தண்ணீரை உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் சோவெட்டோவின் பிரீ பகுதி மக்கள் முன்பணம் கட்டினால்தான் தண்ணீர் தரும் மீட்டரை எதிர்த்து 2009-இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் தோற்றார்கள். கேப் டவுனின் காயெலிட்ஷாவில் சுவரில்லாமல் கட்டிய கழிப்பறைகள் மனித மாண்புக்கு எதிரானவை என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. வாளிக் கழிப்பறைகள் ஒழியாததால் 2013 ஜூனில் போராட்டக்காரர்கள் மலத்தைக் கொண்டுபோய் விமான நிலையத்திலேயே கொட்டினார்கள். அதற்குப் பின்னால் கட்சி அரசியலும் இருந்தது, அது வேறு கதை. ஆனால் ஒன்று: அங்கே ஒருவரைக் குழிக்குள் தள்ளுவது வறுமை, நிறவெறி விட்டுப்போன நகர அமைப்பு. குழியிலிருந்து மேலே வந்தால், அந்த மனிதரின் மகன் எந்தச் சாதி என்று டீக்கடையில் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே வறுமையை ஒழித்தாலும் சாதி குழியின் ஓரத்தில் காத்திருக்கும்.

அதனால்தான் அண்ணல் தண்ணீரிலிருந்து தொடங்கினார். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924-இல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் திறந்த சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 வரை ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய்த்தான் அள்ளினார்கள்.

அரசு இப்போது கொடுப்பது என்ன? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் கைதுசெய்தார்கள். அடுத்த நாள் காலை உணவுத் திட்டம் அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது இட்லி இல்லை. தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரமாக்கு என்றார்கள். ஒப்பந்தம் என்பது என்ன? ஆள் செத்தால் "எங்கள் ஊழியர் இல்லை" என்று மாநகராட்சி சொல்வதற்கான ஏற்பாடு.

மதுரையில் படிக்கிற தோழர்கள் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் உள்ள மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ மனு போடுங்கள். கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்கள் எத்தனை, அவற்றில் ஆள் இறங்காமலே மோட்டாரை வெளியே எடுக்கக் கூடியவை எத்தனை, 2022 ஏப்ரலுக்குப் பிறகு எத்தனை மாற்றப்பட்டன, பராமரிப்பு டெண்டர் யாரிடம், 44 கருவிகளில் எவை எந்தத் தேதியில் வழங்கப்பட்டன, ஒவ்வொரு வார்டிலும் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் குடிநீர் வருகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பதில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு அந்தந்த பம்பிங் ஸ்டேஷனுக்கு நேரில் போய், வேலை செய்கிறவரிடம் வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேளுங்கள்.