பெயரில்லாத ஸ்விட்சுகள்

2014-ல் உற்பத்தியே நின்றுபோன அம்பாசடர் மீது என்னவருக்குத் தீராத மோகம். போன மாதம் 1978-ம் வருஷத்து வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. டாஷ்போர்டில் ஏழு ஸ்விட்சுகள். எழுத்தெல்லாம் தேய்ந்து, ஒன்றுக்கும் பெயரில்லை!

"ஏங்க, இது எதுக்கு?"

"தெரியலியேம்மா!"

ஞாயிறன்று அவர் ஒவ்வொன்றாகப் போட, நான் வெளியே நின்று எது எரிகிறது என்று பார்த்து, துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். இழுக்கிற குமிழ் சோக். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப, பெட்ரோலைத் தாராளமாகக் கலந்து கொடுக்கும். எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ள மறந்தால் கரும்புகைதான், பெட்ரோலும் தண்டம்.

கடைசி ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எதுவும் எரியவில்லை. ஆம்பியர் முள் மட்டும் மைனஸ் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தது. அடுப்படியில் பழகிய மூக்காயிற்றே, கருகல் வாடை எனக்குத்தான் முதலில் எட்டியது. "அணைங்க!" என்று கத்தினேன். பின்சீட்டில் குழந்தை! அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பாட்டரி வயரைக் கழற்றினார்.

யாரோ எப்போதோ போட்ட பனிவிளக்கின் வயராம். விளக்கைக் கழற்றியவர்கள் வயரை விட்டுவிட்டார்கள். உறை உரிந்து இரும்பில் பட்டிருக்கிறது; நடுவில் ஃப்யூஸும் இல்லை. மெக்கானிக் அதை அடியோடு எடுத்துப் போட்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மெயின் போர்டில் எந்த ஸ்விட்ச் எதற்கென்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? நான் அன்று மாலையே ஒட்டிவிட்டேன்.