உப்புத் தண்ணீரில் ஒரு தொட்டில்

கடல் மீனை வாங்க ஒரு மணி நேரம் போதும். அதன் குஞ்சைப் பிழைக்க வைக்க, அது பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

கப்பி மீன் வளர்த்தவர்களுக்கு மீன்குஞ்சு ஒரு பிரச்சினையே அல்ல. ஒரு நாள் காலையில் பார்த்தால் தொட்டியில் இருபது முப்பது குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும். தாய் தின்றுவிடாமல் பிரித்து வைத்து, தீவனத்தைப் பொடித்துத் தூவினால் போதும், பிழைத்துக்கொள்ளும். இந்த எளிமையை நம்பித்தான் சென்னை கொளத்தூரிலும் கொல்கத்தாவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நன்னீர் வண்ண மீன் வளர்ப்பு ஒரு குடிசைத் தொழிலாக வேரூன்றியது.

கடல் மீன் விஷயம் வேறு. மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு வரவேற்பறைத் தொட்டியில் நீந்தும் நன்னீர் மீன், பெரும்பாலும் ஏதோ ஒரு பண்ணையில் பிறந்தது. பக்கத்துத் தொட்டியில் உப்புத் தண்ணீரில் நீந்தும் மீனோ, பெரும்பாலும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வரப்பட்டது. பிடிக்கும் முறையும் எல்லா இடத்திலும் யோக்கியமானதல்ல. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு வழக்கம் உண்டு. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள். மயங்கி வெளியே வரும் மீனை அள்ளுவார்கள். சட்டம் தடுத்தும் அடியோடு ஒழியாத வழக்கம் அது. மீன்களில் ஒரு பகுதி அங்கேயே சாகும். இன்னொரு பகுதி கப்பலேறிப் போய், வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் சாகும். விஷம் பட்ட பவளம் வெளுத்து மடியும்.

ஆகவே கடல் மீனின் குஞ்சை வீட்டில் வளர்ப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. தொட்டியில் பிறந்து வளரும் ஒவ்வொரு மீனும், பாறையிலிருந்து பிடிக்க வேண்டியிராத ஒரு மீன்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? விடை குஞ்சின் வாயில் இருக்கிறது. பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை முட்டைகளைத் திறந்த நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டையிலிருந்து வருவது, பார்வைக்கு மீன் போலவே இருக்காது. கண்ணும் வாயும் சரியாக உருவாகாத ஒரு கண்ணாடி இழை, அவ்வளவுதான். நீரோட்டத்தில் பல வாரம் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்று வளர்ந்த பிறகே அது பாறைக்குத் திரும்பும். அந்த நடுக்கடலைத் தொட்டிக்குள் கொண்டுவருவது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே பல்லாண்டு வேலையாக இருந்திருக்கிறது. ஹவாய்த் தீவின் மஞ்சள் டாங் மீனை ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் முட்டையிலிருந்து மீனாக வளர்த்துக் காட்டியது 2015இல்தான். திரைப்படத்தில் 'டோரி'யாக வந்த நீல டாங் மீனைப் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தது 2016இல்.

வீட்டில் முயல்பவருக்கு இயற்கை விட்டுவைத்திருக்கும் வாசல், கோமாளி மீன். 2003இல் வெளியான 'நிமோ' படம் இதை உலகப் புகழ் பெறச் செய்தது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1970களின் தொடக்கத்தில், புளோரிடாவில் மார்ட்டின் மோ என்ற உயிரியலாளர் இதை விற்பனைக்கு ஏற்ற அளவில் வளர்த்துவிட்டார். இந்த மீன் முட்டையைக் கடலில் விட்டுவிடுவதில்லை. கல்லில் ஒட்டி வைக்கிறது. தகப்பன் காவல் காக்கிறான், துடுப்பால் விசிறுகிறான், கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கித் தின்றுவிடுகிறான். வெளிவரும் குஞ்சு மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். கண் தெரியும், வாய் திறக்கும்.

ஜோடி சேர்ப்பதும் சுலபம். கோமாளி மீனில் ஆண், பெண் என்று தேடி வாங்க வேண்டியதில்லை. எல்லாமே ஆணாகவோ முதிராததாகவோ வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது அதன் ஆணாகும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆண், பெண்ணாக மாறிவிடும். (அந்தப் படம் அறிவியலைப் பின்பற்றியிருந்தால், தாயை இழந்த நிமோவின் அப்பா அடுத்த காட்சியிலேயே அம்மாவாகியிருக்க வேண்டும்.) ஆகவே ஒன்று சற்றுப் பெரியதும் மற்றது சிறியதுமாக, பண்ணையில் பிறந்த இரண்டு மீன்களை வாங்கினால் போதும். பல மாதங்கள் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டியிலோ ஓட்டுத் துண்டிலோ முட்டையிட்டுவிடும்.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம் உள்ளிட்ட பல உப்புகள் உண்டு. அதற்கென்று விற்கும் உப்புக் கலவையை, குளோரின் இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில், லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் உப்பு இருக்கும்படி கரைக்க வேண்டும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி. நகரக் கடற்கரையில் குடம் நிறைய மொண்டு வருவதைத் தவிருங்கள். அங்கே என்ன கலந்திருக்கிறது என்று கடலுக்கே தெரியாது.

இனி, பலர் கோட்டைவிடும் இடம். முட்டையைப் பார்த்த பிறகு தீவனத்தைத் தேடக் கூடாது. முதல் சில நாட்கள் கோமாளிக் குஞ்சுக்குத் தூள் தீவனம் பயன்படாது. அசையும் இரை வேண்டும். வாய்க்குள் போகும் இரை வேண்டும். அது ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரைதான் அதன் அளவு. ரோட்டிஃபருக்கும் சாப்பாடு வேண்டுமே? அதற்கு நானோகுளோரோப்சிஸ் போன்ற நுண்பாசி. ஆக, மீனுக்கு முன் ரோட்டிஃபர், ரோட்டிஃபருக்கு முன் பாசி. வரிசையாக ஜாடிகளில் பச்சைத் தண்ணீர், அதில் காற்றுக் குழாய், மேலே குழல் விளக்கு. சமையலறை மேடையில் ஒரு சிறு பண்ணை. இது வழக்கத்துக்கு வந்து நிலையாக விளைய ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். தூய வித்து வேண்டுமானால் கடல் மீன் பொரிப்பகங்களை அணுகலாம். முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவா மீனைப் பொரிக்க வைத்து வளர்த்தபோது, அந்தக் குஞ்சுகளுக்கும் இதே ரோட்டிஃபர்தான் முதல் சோறு.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். குஞ்சைச் சுற்றி ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் இருக்க வேண்டும். நாற்பது லிட்டர் தொட்டியென்றால் குறைந்தது இரண்டு லட்சம். தாராளமாக என்றால் நான்கு லட்சம். குஞ்சுகள் தின்னத் தின்ன அந்த அளவை நிலைநிறுத்த வேண்டும். கையிருப்பு இல்லாதவர் வீட்டில் குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் பட்டினியால் மடியும். 'கடல் மீன் குஞ்சு வீட்டில் பிழைக்காது' என்ற பேச்சின் பின்னால் பெரும்பாலும் ஒரு காலி ரோட்டிஃபர் ஜாடி இருக்கும்.

முட்டை முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாளாக ஆகக் கறுக்கும். பிறகு ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னும். ஏழெட்டு நாளில், விளக்கணைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிக்கும். இருட்டில் பொரிப்பதற்குக் காரணம் உண்டு: பகலில் வெளியே வந்தால் பாறையில் உள்ள அத்தனை வாய்களுக்கும் இரையாக வேண்டியதுதான். தொட்டியிலும் அதே கதைதான். தாய் தகப்பனே தின்னும், வடிகட்டி உறிஞ்சிக்கொள்ளும். அன்றிரவு வடிகட்டியை நிறுத்திவிட்டு, ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வலை உதவாது. வலை பட்ட குஞ்சு பிழைப்பது அரிது.

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடிவிட வேண்டும். கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஒளியை நோக்கி மோதி மோதியே குஞ்சுகள் சோர்ந்துவிடும். தண்ணீரில் கொஞ்சம் பாசி கலந்து இளம்பச்சையாக வைத்தால் ரோட்டிஃபருக்கும் தீனி, குஞ்சுக்கும் இரை தெளிவாகத் தெரியும். காற்றுக் குமிழி மெதுவாக வரட்டும். நாள்தோறும் அடியில் படியும் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமும் உப்பும் உள்ள புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பட்டினிக்கு அடுத்த எமன், அம்மோனியா. மூன்றாவது எமன் நம் ஊர் மின்வெட்டு. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஆறாம், ஏழாம் நாள் வாக்கில் ஆர்ட்டீமியா தரலாம். இறால் பொரிப்பகங்களில் நாள்தோறும் புழங்கும் பொருள்தான். டப்பாவில் வரும் உலர்ந்த முட்டையை உப்புத் தண்ணீரில் காற்றோட்டத்துடன் விட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக அது தன் மஞ்சள்கருவைத் தானே தின்று சத்திழந்து போகும். ஒரே நாளில் முழுக்க ஆர்ட்டீமியாவுக்கு மாறுவதும் தவறு. சில நாட்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

பத்து முதல் பதினைந்து நாளுக்குள் அந்த மாற்றம் நடக்கும். மிதந்துகொண்டிருந்த குஞ்சு கீழே இறங்கும். உடம்பில் ஆரஞ்சு ஏறும். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை விழும். முந்தைய நாட்களில் சத்துக் குறைந்த இரை தின்ற குஞ்சுகள் இந்தக் கட்டத்தில் திடீரென்று செத்து விழுவதும் உண்டு. இதைத் தாண்டியவை பொதுவாகப் பிழைத்துவிடும். முதல் ஈட்டில் இருநூறில் இருபது தேறினாலும் அது நல்ல மகசூல்தான்.

ரோட்டிஃபர் வளர்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு மீன் உண்டு: பங்காய் கார்டினல். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயல்பாக வாழும் மீன். ஆண் மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாயிலேயே வைத்திருந்து, முழு மீன் உருவம் வந்த பிறகுதான் வெளியே விடும். மிதந்து திரியும் பருவமே இல்லாததால் குஞ்சு முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும். 1994இல் மறுபடி கண்டறியப்பட்ட இந்த மீனை வண்ண மீன் வியாபாரம் அள்ளிய வேகத்தில், 2007இல் அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காட்டு மீனை வாங்குவதற்கும் வளர்ப்பு மீனை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

நம் நாட்டில் இந்த வித்தை தெரியாததல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்த்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது தெருமுனைக் கடைக்கு முழுமையாக வந்து சேராததுதான் குறை. ஒன்றை நினைவில் வையுங்கள்: கடல் குதிரையும் உயிருள்ள பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'மலிவாக இருக்கிறது' என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுகள் பெருகிவிட்டால்? வியாபாரக் கனவு வேண்டாம். உப்பு, மின்சாரம், ஆர்ட்டீமியா டப்பா எல்லாவற்றையும் கூட்டினால், வீட்டில் வளர்க்கும் மீன் கைக்காசைக் கடிக்கத்தான் செய்யும். மற்ற ஆர்வலர்களுக்குக் கொடுங்கள். கடைக்காரரிடம் உப்புக்கும் தீவனத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். புண்ணியம் என்று நினைத்துக் கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் சேர்ந்த சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கரையில் முதன்முதலாகத் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் மூலம் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது.

பாசியும் ரோட்டிஃபரும் வளர்க்க எல்லோராலும் முடியாது. ஆனால் கடல் மீன் வாங்கப் போகிற யாரும் ஒரு கேள்வி கேட்கலாம்: "இது பிறந்தது எங்கே?" கடைக்காரர் முதல் தடவை முழிப்பார். பத்துப் பேர் கேட்டால், பதினொன்றாவது ஆளுக்குப் பதில் தயாராக வைத்திருப்பார்.