ஜுடிமாவும் ஹண்டியாவும்

அசாமின் திமாசா மக்கள் வீடுகளில் வடிக்கும் அரிசி மதுவான ஜுடிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அரிசி மாவோடு தெம்ப்ரா பட்டையை இடித்துச் சேர்த்து உலர்த்தும் ‘ஹுமாவ்’ வில்லையே அதை நொதிக்கச் செய்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்க்கண்ட் அரசு, சந்தையில் ஹண்டியா விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குச் சந்தால் எழுச்சியின் சகோதரிகளான ஃபூலோ, ஜானோ பெயர்களையே சூட்டியது நகைமுரண். வறுமை அப்பெண்களைச் சந்தைக்குத் தள்ளியது உண்மை, கடனுதவியும் வேண்டியதே. ஆயினும் வேர்களையும் மூலிகைகளையும் அரிசி மாவில் பிசைந்து உருட்டும் ரானு வில்லை, ஹுமாவைப் போன்றதோர் அறிவுதான். சர்ஹுல் விழாவில் படைக்கப்படும் ஹண்டியா, சந்தைக்கு வந்ததும் இழிவாவது எவ்வாறு? ஒன்றை மரபென்றும் மற்றொன்றைக் களங்கமென்றும் பிரிக்கும் அளவுகோலை ஆய்வுலகம் இன்னும் உரக்கக் கேள்வி கேட்கவில்லை.