தோல் பேசுகிறது, தோல் கட்டியவர் எங்கே?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் சாமி கும்பிட்டாலும் சாவு விழுந்தாலும் பறை வேண்டும். ஆனால் பறையடிப்பவரை யாரும் 'வித்வான்' என்று அழைத்து நாங்கள் கேட்டதில்லை. அந்தச் சொல் யாருக்கு உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விருதுகளின் வரலாறு காட்டிக்கொடுக்கிறது.

சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கப்பட்டது. அதன் 'சங்கீத கலாநிதி' பட்டம் 1942இல் ஏற்படுத்தப்பட்டது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதைப் பெற 1966 வரை ஆயிற்று. பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். பக்கவாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும்.

ஆனால் மிருதங்கம் எதனால் ஆனது? பலாமரம், மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை தட்டிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். மணி ஐயரின் மிருதங்கங்களுக்காக உழைத்தவர் பர்லாந்து. கலாநிதிப் பட்டியலில் அவரைப் போன்ற ஒருவர்கூட இல்லை. இவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது. மாட்டுத்தோல் மேடையில் முழங்கலாம். அதைப் பற்றி மேடையில் பேசத்தான் கூடாது!

பறையிலும் முழங்குவது தோல்தான். பிறகு ஏன் ஒன்று 'சாஸ்திரியம்', மற்றொன்று 'நாட்டுப்புறம்'? வேறுபாடு வாத்தியத்தில் இல்லை, வாசிப்பவரின் சாதியில் இருக்கிறது.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த விருதைக் காட்டி, "இப்போது எங்கே இருக்கிறது சாதி?" என்று கேட்பவர்களிடம் ஏமாந்துவிடக் கூடாது. 'இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தவர்களும் நம்மவர்களே. கட்டாயத்தில் அடித்தால் அது அடிமைத்தொழில். விரும்பி அடித்தால்தான் கலை. இரண்டு முடிவையும் நாம் மதிக்கிறோம்.

மாணவத் தோழர்களே, டெல்லி விருதுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கல்லூரி விழாவுக்குப் பறைக் குழு வந்தால் அவர்கள் பெயர் அழைப்பிதழில் இருக்கிறதா, மேடையில் நாற்காலி போடப்பட்டிருக்கிறதா, பேசிய பணம் முழுதாகக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். மிருதங்கக் கச்சேரி நடந்தால் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர் யார்?"

அந்தப் பெயர் மேடையில் சொல்லப்படும் நாளிலிருந்துதான் விருதின் வரலாறு நேர்மையாகத் தொடங்கும்.

ஜெய் பீம்.