பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கோணிச்சாக்கை விரித்து, ஸ்ப்ளெண்டரின் பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கப் போனவர், வாக்கிங் முடித்து வந்தவர், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் என்று ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஏன் சார் உங்களுக்கு இந்த வேலை?"

ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் ஒரு படி மேலே போய், "நூத்தம்பது ரூபா குடுத்தா ஒரு பையன் மாட்டிக் குடுத்துட்டுப் போறான். பென்ஷன் வாங்குறவங்க இப்படித் தெருவுல உக்காந்து கையெல்லாம் கரியாக்கிக்கணுமா?" என்றார். வாயில் வால்வு மூடியைக் கவ்விக்கொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

காசை மிச்சம் பிடிக்க இதைச் செய்யவில்லை. டயர் லீவர் இரண்டு, கால் பம்ப், ஸ்பேனர்கள் எல்லாம் வாங்கிய செலவில் கடையில் பத்துத் தடவை மாற்றியிருக்கலாம். பொழுது போகாமலும் செய்யவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பின் டயர் மொட்டையாகிவிட்டது. தஞ்சாவூரில் ஒரு கடையில் புது டயர், புது டியூப் போடச் சொல்லிவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தேன். வேலை நடந்த பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான்காம் நாள் வீட்டுக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருவையாறு போனேன். கண்டியூர் தாண்டியதும் வண்டியின் பின்பாகம் பாம்பு நெளிவது போல நெளிந்தது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரம் கட்டினேன்.

இறங்கிப் பார்த்தால் பின் ஆக்சில் நட்டு விரலால் தொட்டாலே சுழல்கிறது. பிரேக் தகட்டைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் நட்டில் காட்டர் பின்னே இல்லை. அந்தக் கம்பி கழன்றிருந்தால், அடுத்த முறை பிரேக்கை மிதித்தபோது தகடும் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பின் சக்கரம் அப்படியே இறுகியிருக்கும். பின்னால் பஸ். மேற்கொண்டு எழுதப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரி மைல்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "மாட்டும்போது நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் டயரையே பார்த்தேன். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் 'புது' டயரில் இருந்தது 1416. அதாவது 2016-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரத்தில் செய்த டயரை 2022-இல் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பின்னோக்கி இருந்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிற ஆள்தான் நான்.

கடைக்காரரைத் திட்ட இதை எழுதவில்லை. அன்றைக்கு அங்கே ஆறு வண்டிகள் நின்றன, வேலை செய்ய ஒரே பையன். பார்க்கத் தெரியாத வாடிக்கையாளன் வந்தால் எந்தத் தொழிலும் இப்படித்தான் நடக்கும். நமக்கு ஏன் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான் என் வழக்கு.

நான் இயற்பியல் வாத்தியார். 31 வருடம் நெம்புகோல் நடத்தினேன். ஆதாரப்புள்ளி, பளு, திறன் என்று கரும்பலகையில் எத்தனை முக்கோணம் போட்டிருப்பேன். கையில் ஒரு கடப்பாரை பிடித்ததில்லை. அது மட்டுமல்ல. கணக்குப் போடத் தடுமாறிய ஒரு பையனை, நாற்பது பேருக்கு முன்னால் எழுப்பி நிற்க வைத்து, "நீயெல்லாம் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு" என்று சொன்னவன் நான். என் அப்பா என்னிடம் சொன்னார், நான் அவனிடம் சொன்னேன். இதைப் படிக்கிற வாத்தியார்கள், அப்பாக்கள் எத்தனை பேர் சொன்னீர்களோ, உங்களுக்கே தெரியும். தாசில்தார் சாரின் கேள்வியும் இந்த வாக்கியத்தின் இன்னொரு பக்கம்தான். படித்தவன் கை அழுக்காகக் கூடாது, அழுக்காகும் கைக்குப் படிப்பு வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது புறவழிச்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறான். கண்டியூர் சம்பவத்துக்கு மறுவாரம் அவனிடம்தான் போனேன். பழசை அவன் மறந்திருக்க மாட்டான். ஆனாலும் "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "மாத்த வேண்டாம்ப்பா, எனக்குக் கத்துக் குடு" என்றேன். சிரித்தான். அப்புறம் நான் சும்மா சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு லீவரைக் கையில் கொடுத்தான்.

முதல் நாள் பலத்தை எல்லாம் போட்டு நெம்பினேன், டயர் அசையவில்லை. அவன் சொன்னான்: "சார், பீடிங்குக்குள்ள இருக்குறது ஸ்டீல் கம்பி. அது இழுவாது. எதிர்ப்பக்கத்தைக் கால்ல மிதிச்சு ரிம்மோட நடுக்குழியில இறக்குங்க. இந்தப் பக்கம் தானா இடம் கிடைக்கும்." இறக்கினேன். அரையடிக்கு அரையடி லீவரைப் போட்டதும் சொன்னபடி கழன்று வந்தது. ரிம் நடுவில் பள்ளமாக இருப்பது எதற்கு என்று 62 வயதில் தெரிந்துகொண்டேன். பலத்தால் ஆகாதது இடம் விடுவதால் ஆகிறது. இதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பழைய ரிம்மை மேசையில் வைத்து நடத்தியிருக்கலாம்.

மாட்டும்போதுதான் டியூப் கடிபடும் என்பதால் அதற்கு இரண்டு விஷயம் சொன்னான். டியூபில் கொஞ்சம் காற்றடித்து, உருண்டு நிற்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். கடைசி நெம்பல் வால்வு இருக்கும் இடத்தில் முடிய வேண்டும். முடிக்கும் முன் வால்வை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால், பீடிங்குக்கு அடியில் டியூப் மாட்டாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும், அந்தப் பக்கம்தான் எடை குறைவு. காற்றடித்த பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காற்றை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடிக்க வேண்டும். என் வண்டியில் செயினும் பல்சக்கரமும் அங்கேயே நிற்க, சக்கரம் மட்டும் கையோடு வருவது ஒரு சௌகரியம். ஆக்சிலை உருவும்போது ஒரு குட்டிக் குழல் 'டங்' என்று கீழே விழும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வைக்காமல் முதல் தடவை அரை மணி நேரம் திண்டாடினேன்.

இதில் எது ராக்கெட் விஞ்ஞானம்? நம் தலைமுறைக்கு இது புதிதும் அல்ல. சேத்தக் ஓட்டாத குமாஸ்தா உண்டா? பஞ்சரானால் சட்டைக்கையை மடித்துவிட்டு, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். அதன் ரிம் இரண்டு பாதி. நட்டுகளைக் கழற்றினால் பிரியும், லீவரே வேண்டாம். (காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் மட்டும் முகத்தில் அறையும்.) ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள், பெயர் நம் ஊர் வரை வந்து ஒட்டிக்கொண்டது. தாசில்தார் சாரும் சேத்தக்தான் வைத்திருந்தார். நீதிமன்றச் சாலையில் அவர் குந்தி உட்கார்ந்து ஸ்டெப்னி மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் மரியாதை எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. பத்து நிமிடம் தாமதமாகக் கச்சேரிக்குப் போனார், அவ்வளவுதான்.

இன்றைக்குக் கம்பெனிக்காரர்களும் நம்மை வண்டியைத் தொட வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டே கிடையாது, வேண்டுமென்றால் தனியாகக் காசு. சென்டர் ஸ்டாண்ட் இல்லாமல் பின் சக்கரத்தை எதில் தூக்கி நிறுத்துவது? என் மருமகனின் புது வண்டியில் சீட்டுக்குக் கீழே இருப்பது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சீட் மாதிரி மெலிந்த ஒரு ஸ்பேனரும். அதைக் கேட்டால், "சர்வீஸ்ல பாத்துப்பாங்க மாமா" என்கிறார்.

எல்லோரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலாய் வீலில் இறுகிப் பிடித்திருக்கும் அகலமான டியூப்லெஸ் டயரை வீட்டில் மிதித்து இறக்குவது நம் முட்டிக்கு ஆகாது. ரிம்மும் கீறும், காற்றும் பிடிக்காது. அதற்கு மெஷின் உள்ள கடைதான். ஆனால் சக்கரத்தை வீட்டில் கழற்றி, கடைக்குக் கொண்டுபோய் டயரை மட்டும் மாற்றி வாங்கி வந்து, நீங்களே மாட்டலாமே? நட்டை முறுக்கியது உங்கள் கை என்றால் அது இறுகியிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கவாவது செய்யுங்கள். தேதி என்ன, அம்புக்குறி எந்தப் பக்கம், பின் போட்டானா என்று கேளுங்கள். மோட்டார் வாகன விதிப்படி இருசக்கர வண்டி டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைப் பார்க்கக் குனிந்தால் போதும்.

கடைசியாக ஒரு ஆட்சேபணை வரும். "நீங்களே மாட்டிக்கிட்டா அந்தப் பையன் பிழைப்பு என்னாகும்?" இதைக் கேட்பவர்கள் அவன் பத்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசுகிறவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். நான் டயர், டியூப் எல்லாம் அவனிடம்தான் வாங்குகிறேன். சொன்ன விலை கொடுக்கிறேன். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று என் தோள்பட்டைக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் காற்றைச் சரிபார்க்க அவன் கடைக்கு ஓட்டிப்போனேன். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான், குனிந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டான்.

"காட்டர் பின் பழசையே வளைச்சு மாட்டியிருக்கீங்க சார். ஒருக்கா வளைச்சது மறுபடி வளைச்சா ஒடியும்."

டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான். மாட்டித் தரவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தான், நான்தான் மாட்டினேன்.