ஏழாவது நாற்காலி

தில்லிப் பல்கலைக்கழகத்து இங்கிலீஷ் துறையிலிருந்து 2021 ஆகஸ்டில் ஒரு சேதி வந்தது. பி.ஏ. ஆனர்ஸ், ஐந்தாம் பருவம், பெண் எழுத்து பற்றிய தாள். அதிலிருந்து மூன்று பெண்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி. முதல் இரண்டு பேரும் நம்ம பெண்கள், தமிழில் எழுதுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள். மூன்றாமவர் வங்காளத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் நீக்கப்பட்ட அவருடைய 'திரௌபதி' கதையில் வருகிறவள் ஒரு சந்தால் பழங்குடிப் பெண். அரசாங்கத்தின் சீருடை அவள் உடம்புக்கு என்ன செய்தது என்று சொல்லுகிற கதை அது. ஆக, வெளியே போனது யார் என்பதில் குழப்பமே இல்லை.

கண்டன அறிக்கைகள் வந்தன. பத்திரிகைகள் எழுதின. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிப்போச்சு. அப்போது ஊரே கேட்ட கேள்வி, "ஏன் எடுத்தாங்க?" என்பது. நான் கேட்கிறது வேற. எடுக்கும்போது அந்த மேசையைச் சுத்தி யார் உக்காந்திருந்தாங்க?

இந்தக் கேள்விக்கான பதில் அன்றைக்கே எழுத்தில் இருந்தது. அந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தது துறை. அதற்கு மேலே 'மேற்பார்வைக் குழு' என்று ஒன்று உட்கார்ந்து அடித்தது. கல்விக் குழுவில் 15 உறுப்பினர்கள் இதை எதிர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த மேற்பார்வைக் குழுவில் ஒரு தலித்தும் இல்லை, ஒரு பழங்குடியும் இல்லை என்று அதிலே சொன்னார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாம் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். நாமோ கவிதையைப் பிடித்துக்கொண்டோம், நாற்காலியை விட்டுவிட்டோம்.

குழுவின் தலைவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன விளக்கம் அதைவிட ருசியானது. எழுத்தாளர்களின் சாதி அவருக்குத் தெரியாதாம். சாதியில் அவருக்கு நம்பிக்கையும் இல்லையாம். இருக்கட்டுமய்யா. கண்ணைக் கட்டிக்கிட்டு வீசின கத்தி, எப்படித் தப்பாம எங்க கழுத்துல வந்து விழுந்துச்சு? சாதி தெரியாமல் வாழ்வது ஒரு சொகுசு. ஊர்த்தெருவில் வீடு இருக்கிறவனுக்குத்தான் அது வாய்க்கும். சேரிப்பிள்ளைக்கு அஞ்சு வயசிலேயே, பள்ளிக்கூடத்துத் தண்ணிப் பானைகிட்டயே அது தெரிஞ்சுபோகும்.

நம் பெண்களை எடுத்த இடத்தில் பண்டித ரமாபாயை வைத்தார்கள் என்றும் சேதி வந்தது. ரமாபாய் மீது நமக்குப் பகை கிடையாது. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, சாதி மீறிக் கல்யாணம் செய்து, கிறிஸ்தவத்துக்கு மாறி, தன் சாதி ஆண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பெண் அவர். ஆனால் 1887ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகம் எதைப் பற்றி? உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றி. தலைப்பிலேயே அது இருக்கிறது. களையெடுக்கிற பெண்ணின் துயரத்தை எடுத்துவிட்டு அங்கே அகத்துக்குள் இருக்கிற பெண்ணின் துயரத்தை வைத்தால், அதற்குப் பேர் பெண் எழுத்து. சாதி தெரியாதவர்கள் நடத்துகிற பண்டமாற்று இப்படித்தான் இருக்கும்.

இது வடக்கத்திக்காரன் சமாச்சாரம், பெரியார் மண்ணில் நடக்காது என்று சொல்லுகிற தோழர்களுக்குத் திருநெல்வேலியை ஞாபகப்படுத்துகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு அருந்ததி ராயின் புத்தகம் ஒன்று 2017லிருந்து பாடமாக இருந்தது. மத்திய இந்தியக் காடுகளில் பழங்குடிகளுக்கு நடுவே மாவோயிஸ்டுகளோடு நடந்துபோய் எழுதிய புத்தகம். ஏ.பி.வி.பி. மனுக் கொடுத்தது. 2020 நவம்பரில் புத்தகம் போயிற்று. அதற்குப் பதிலாக மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் நல்ல எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். காட்டில் இருக்கிற மனுசனை எடுத்துவிட்டு, காட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்!

ஏன் இவ்வளவு சுலபமாக முடிகிறது? ஏனென்றால் இங்கிலீஷ் துறைக்குள் நாம் விருந்தாளிகள். விருந்தாளியைக் கூப்பிடவும் வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு, எழுந்து போகச் சொல்லவும் உண்டு. 1936ல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அண்ணல் அம்பேத்கரை மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. அச்சான உரையைப் படித்ததும் அதை வெட்டு, இதை மாற்று என்றது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அண்ணல். மாநாடே நின்றுபோனது. அவர் தன் சொந்தச் செலவில் அதைப் புத்தகமாகப் போட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. இங்கிலீஷில் எழுதப்பட்ட உரைநடை அது. லாகூர் வரவேற்புக் குழுவுக்கும் தில்லி மேற்பார்வைக் குழுவுக்கும் இடையே 85 வருசம் ஓடிவிட்டது. குழுக்காரர்கள் மட்டும் மாறவில்லை.

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

இனச்சுழற்சி என்றால் பலருக்கு ஆபீஸ் காகிதம். நமக்கு அது சோறு. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக வைத்து ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிட்டு வந்தார்கள். 2017ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், ஒவ்வொரு துறையும் தனி அலகு என்றது. 2018 மார்ச் 5ல் யு.ஜி.சி. அப்படியே உத்தரவு போட்டது. அந்த 13 புள்ளிக் கணக்கை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். துறையின் நாலாவது பணியிடம் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது பட்டியல் சாதிக்கு. பதினாலாவது பழங்குடிக்கு. ஆறு பேர் இருக்கிற துறையில் நம் ஆளுக்கு இடமே விழாது. பதிமூணு பேர் இருந்தாலும் பழங்குடிக்கு விழாது. சட்டத்தை யாரும் மீறவில்லை. கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள், அவ்வளவுதான்.

அதை எதிர்த்து ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 மார்ச் 5ல் பாரத் பந்த் நடந்தது. இரண்டே நாளில் அவசரச் சட்டம், அந்த வருசமே நாடாளுமன்றத்தில் சட்டம். மத்திய நிறுவனங்களில் மறுபடியும் முழு நிறுவனமே அலகு ஆனது. யாரும் தானமாகக் கொடுத்ததில்லை அது. ஆனால் வாசலைத் திறந்தால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நேர்காணலில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், இடம் காலியாகவே கிடக்கும். அப்படிக் காலியாகக் கிடக்கிற இடத்தைப் பொதுவுக்குத் திருப்பிவிட வழி சொன்னது யு.ஜி.சி.யின் ஒரு வரைவு. 2024 ஜனவரியில் அது வெளியே தெரிந்து கூச்சல் எழுந்த பிறகுதான், அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் என்று அரசாங்கம் பின்வாங்கியது. பாமாவை பி.ஏ. பிள்ளைக்குப் பாடமாக வைக்கத் தகுதி இருக்கிறதாம். பாமாவின் தெருவிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நடத்தத் தகுதி இல்லையாம். என்ன நியாயம்டா இது?

இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்த விசயம்தான். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று 1890களில் காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, கூடாது என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார் இரட்டைமலை சீனிவாசன். இங்கே நடத்தினால் யார் ஜெயித்து வந்து நம் தலைமேல் உட்காருவான் என்று அவருக்குத் தெரியும். தேசத்துரோகம் என்று நாளைக்கும் யாராவது எழுதுவான். எழுதட்டும். பரீட்சைத் தாளைப் பார்க்கிறதுக்கு முன்னால் நாற்காலியைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்.

துறையில் நடக்கிற இன்னொரு காரியம் கருத்தரங்கம். நான் எம்.ஏ. தமிழ் படித்த இடத்தில், எங்கள் வகுப்புக்கு எதிர்வாடையில் இங்கிலீஷ் துறை. ஒருமுறை அங்கே 'விளிம்புநிலைக் குரல்கள்' என்று பேனர் கட்டினார்கள். வாசலில் பறையடிக்க எங்க பக்கத்து ஊர் அண்ணன்மாரைக் கூட்டிவந்திருந்தார்கள். அடித்து முடித்ததும் அவர்களுக்குச் சாப்பாடு பின்பக்கம், பொட்டலமாக. உள்ளே குளிரூட்டிய அறையில் 'கருக்கு' பற்றி நாலு கட்டுரை. பின்வரிசையிலிருந்து நான் எழுந்து, பனைமட்டைக் கருக்கு கையைக் கிழிக்கிறதைப் பற்றிக் கேட்டேன். மேடையிலிருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "கேள்வியை இங்கிலீஷ்ல கேளுங்க தம்பி" என்றார். தமிழ்ப் புத்தகம், தமிழ்ச் சேரி, தமிழ்க் கேள்வி. எங்கள் குரலைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் எங்கள் குரலுக்கு மட்டும் தடை.

அதற்காகத் தமிழ்த்துறைக்கு மாலை போட நான் வரவில்லை. 1992ல் 'கருக்கு' வந்தபோது, இதென்ன தமிழ், கொச்சை என்று முகம் சுளித்த தமிழ்ப் பண்டிதர்கள் உண்டு. 2000ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை இங்கிலீஷில் கொண்டுபோன பிறகு, இங்கிலீஷ் துறைகள் அதை வாரி எடுத்துக்கொண்டன. ஒரு துறை நம் பேச்சைத் தீட்டு என்றது. இன்னொரு துறை, பேச்சைக் கழுவிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றது. இரண்டு வீட்டிலும் திண்ணைதான் நமக்கு.

"பாமாவை நடத்த தலித்தாகத்தான் பிறந்திருக்கணுமா? நல்ல ஆசிரியர் யார் வேண்டுமானாலும் நடத்தலாமே" என்று ஒரு கேள்வி வரும். நடத்தட்டும். நல்லா நடத்துகிற சாதி இந்து ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தில்லியில் எழுதிக் கொடுத்து எதிர்த்தவர்களை மதிக்கிறேன். ஆனால் கத்தி வருகிற நேரத்தில், இரக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளும். உரிமை எழுந்திருக்காது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். பாடத்திட்டம் மூணு வருசத்துக்கு ஒரு தரம் மாறுகிற காகிதம். நாற்காலி முப்பது வருசம்.

அதனால் தோழர்களே, எடுத்த கவிதையைத் திருப்பிப் போடுங்கள் என்று கெஞ்சுவதோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். இங்கிலீஷ் துறையில் எத்தனை பணியிடம், இனச்சுழற்சியில் எது யாருக்கு, எத்தனை காலி, எத்தனை தடவை 'தகுதியானவர் இல்லை' என்று எழுதினீர்கள், பாடத்திட்டக் குழுவில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், முனைவர் பட்ட வழிகாட்டிகளில் எத்தனை பேர். பத்து ரூபாய் செலவு. தமிழ்த்துறைக்கும் அதையே அனுப்புங்கள், விட்டுவைக்காதீர்கள்.

பதில் வந்ததும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக, துறை துறையாக அச்சடிப்போம். ஏழாவது நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று சனங்க பார்க்கட்டும்.