வட்டமும் அச்சமும்

புதியதொன்றை அதன் பயன்கொண்டு அளவாது பழைய பெயர்கொண்டு அளத்தல் மாந்தர்க்கு இயல்பு. வீதிச் சுற்றுவட்டம் பற்றி அமெரிக்க நாட்டிலே எழுந்த பொதுமக்கள் கருத்து இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைந்த வட்டங்கள் பல மிக அகன்றவை. வண்டிகள் விரைந்து புகுதற்கு இடந்தந்தவை. உட்புகுவோர்க்கே முந்துரிமை என்ற முறை பல இடங்களில் நிலவியதால், வட்டத்துள் வண்டிகள் நெருங்கி அசையாது நின்றன, மோதல்களும் மலிந்தன. நாளடைவில் 'வட்டம்' என்னும் சொல்லே அச்சந் தருவதாயிற்று.

பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டு இம்முறை தலைகீழாக்கப்பட்டது. சுற்றிவரும் வண்டிக்கே முதலிடம். புகுவோர் வழிவிடல் வேண்டும். விதி சிறிது, விளைவோ பெரிது. இவ்விதியோடு, வேகத்தைத் தணிக்கும் வளைந்த வாயில்களுஞ் சேர்ந்தமைந்ததே இக்காலச் சுற்றுவட்டம். நான்கு வீதிகள் கூடுஞ் சந்தியில் வண்டிகளின் பாதைகள் முரணும் இடங்கள் 32; ஒருவரிசைச் சுற்றுவட்டத்திலோ 8 மாத்திரமே. அமெரிக்காவில் இவ்வாறு மாற்றப்பட்ட 24 சந்திகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, காயம் விளைக்கும் விபத்துக்கள் நூற்றுக்கு 76 அளவிற் குறைந்தன என்று கண்டது.

மக்கள் கருத்து யாதாயிற்று? கன்சாஸ், மேரிலாந்து, நெவாடா மாநிலங்களின் மூன்று ஊர்களில் வண்டியோட்டிகளை வினவிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. வட்டம் அமையுமுன் அதனை விரும்பியோர் நூற்றுக்கு 31 பேர். அமைந்தபின் 63 பேர். நாவன்மையாற் பெறலரிய மாற்றத்தைப் பழக்கம் தந்தது எனலாம். ஆதலின், முன்னெழும் எதிர்ப்பைக் கண்டு நன்முயற்சியைக் கைவிடும் ஆட்சியாளர், காக்கத்தக்க உயிர்களைக் காவாது விடுகின்றனர்.

ஆயினும் அஞ்சுவோரை அறியாதார் எனப் பழித்தல் தகாது. அவர்தம் அச்சம் பழைய வட்டங்களின் மெய்யான குறையிலிருந்து பிறந்தது. இன்னுமொன்று: வினவப்பட்டோர் வண்டியோட்டிகளே, நடந்து கடப்போர் அல்லர். வண்டிகளின் ஓசை அடங்குதலைக் கேட்டு வீதி கடக்கும் பார்வையிழந்தோர்க்கு, ஓட்டம் ஓயாத வட்டம், சிறப்பாக இருவரிசை வட்டம், பேரிடரே. வண்டியோட்டியின் பழக்கம் அவர்தம் இடரைத் தீர்க்குமா? கடக்குமிடத்தில் அவர்க்கென ஒலியெழுப்பும் விளக்குகளை அமைத்தல் வேண்டும்.

பழக்கத்தால் நீங்கும் அச்சம் ஒன்று. பழகினும் நீங்காத அச்சம் மற்றொன்று. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்குத் திருத்தம் வேண்டும். இரண்டனையும் பிரித்தறிதலே பொதுப்பணி புரிவார்க்கு முதற்கடன்.